ரவை, தோட்டா, கோது: மலையேறி வந்த குண்டுகளின் கதை

ரவை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது உப்புமாதான். லயத்துக் குசினியில் சீனி டின்னுக்குப் பக்கத்தில் இருக்குமே, அந்த ரவை. ஆனால் அதே வீட்டில் கிடக்கும் தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டினால், எங்கோ ஒரு துப்பாக்கியும் அதற்கான ரவைகளும் மீட்கப்பட்டதாக அடிக்கடி ஒரு செய்தி வரும். சாப்பிடுகிற பொருளின் பெயரும் ஆளைக் கொல்கிற பொருளின் பெயரும் எப்படி ஒன்றாக ஆனது?

இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. போகப் போக அது வெறும் அகராதி வேலையாக இருக்கவில்லை. மலையகத்தின் 200 வருடக் கதையில் துப்பாக்கி திரும்பத் திரும்ப வருகிறது. துரையின் பங்களாச் சுவரில் தொங்கியது ஒன்று. பொலிஸ்காரர் தோளில் தோட்டத்துக்குள் வந்தது இன்னொன்று. இரண்டிலுமே நம்ம ஆட்கள் அதிகம் பார்த்தது குழாயின் முன்பக்கத்தைத்தான். அதனாலோ என்னவோ, அந்தக் குழாய்க்குள் என்ன போகிறது, அதற்கு என்ன பெயர் என்பதை நாம் தெளிவாகப் பேசிப் பழகவில்லை. பழக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்பதைக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஒரே பொருள், பல பெயர்

ரவை என்றால் சிறு மணி. கோதுமையை உடைத்தாலும் ரவை, ஈயத்தைச் சின்னச் சின்ன மணியாக வார்த்தாலும் ரவை. பறவை சுடுவதற்குப் பயன்பட்ட அந்தப் பொடி ஈயத்துக்கு வந்த பெயர், இலங்கைத் தமிழில் மெல்ல எல்லா வகைக் குண்டுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இன்னொரு சொல்லையும் பாருங்கள்: சன்னம். சன்ன அரிசி என்கிறோமே, மெல்லியது, நுண்ணியது என்ற பொருளில். துப்பாக்கிச் சன்னம் என்பதும் அதுவேதான். ஆக, நம்ம தமிழில் குண்டுக்கு உள்ள இரண்டு பெயர்கள் சாப்பாட்டுச் சாமான் பக்கத்திலிருந்து வந்தவை.

தோட்டா வேறு வழியாக வந்தது. அது இந்துஸ்தானியிலிருந்து தமிழுக்குள் இறங்கிய சொல். துப்பாக்கி அதைவிடத் தூரத்திலிருந்து, துருக்கி மொழியிலிருந்து வந்தது. நாம் பேச்சில் சொல்லும் துவக்கும், சிங்களத்தில் சொல்லும் துவக்குவவும் அதே குடும்பம். சிங்களத்தில் குண்டு என்பது உண்டய. நம்ம பழைய உண்டை என்ற சொல்லின் உறவு அது. தோட்டாவுக்கு அவர்கள் சொல்லும் பதரொம ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். துப்பாக்கியோடு இந்தத் தீவுக்கு யார் யார் வந்தார்கள் என்பதைச் சொற்களே கணக்கு வைத்திருக்கின்றன.

இனி, எது எது எது என்று பிரித்துப் பார்ப்போம். இன்றைக்குப் புழங்கும் ஒரு தோட்டாவில் நாலு பொருள் இருக்கிறது. வெளியே பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கூடு. அதைத்தான் கோது என்கிறோம். அதன் அடியில், அடிபட்டால் பொறி பறக்கும் சின்ன மூடி. அதுதான் பிரைமர். உள்ளே மருந்து. முனையில் குண்டு. துப்பாக்கியின் ஊசி பிரைமரில் அடிக்கிறது, மருந்து எரிந்து வாயுவாகிறது, வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டு மட்டும்தான் பறக்கும். கோது சுட்டவரின் பக்கத்திலேயே விழும், அல்லது துப்பாக்கிக்குள்ளேயே நிற்கும்.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் பெரிய குழப்பம் வரும். வெற்றுத் தோட்டா என்று நாம் வாசிக்கிறோம். அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். ஒன்று, குண்டே இல்லாமல் சத்தத்துக்காக மட்டும் செய்யப்பட்டது. மரியாதை வேட்டுக்கும் ஒத்திகைக்கும் பயன்படுவது. மற்றது, சுட்டு முடிந்து கீழே விழுந்த கோது. முதலாவது கிடந்தால் யார் உடம்பிலும் குண்டு இல்லை. இரண்டாவது கிடந்தால், ஒரு குண்டு அங்கிருந்து எங்கேயோ போயிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நடந்ததே தலைகீழாகிவிடும். சுட்ட கூட்டை வெற்றுக்கோது என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அழகான, சரியான சொல். அதையே பயன்படுத்தலாம்.

ஓர் இறாத்தலில் எத்தனை குண்டு?

12 போர் துப்பாக்கி என்று செய்திகளில் வருவதைப் பார்த்து, இது ஏதோ போரில் பயன்படுத்தும் துப்பாக்கியாக்கும் என்று சின்ன வயதில் நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் தூக்குகிறேன். அந்தப் போர் தமிழ்ப் போர் இல்லை. குழாயின் உள்துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.

கணக்கு இப்படி: ஓர் இறாத்தல் ஈயத்தை எடுங்கள், கிட்டத்தட்ட 454 கிராம். அதை ஒரே அளவான 12 உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எந்தக் குழாய்க்குள் சரியாக நுழைகிறதோ அது 12 போர். துளை ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அதே ஈயத்தை நாலே உருண்டையாக வார்த்தால் 4 போர். அதாவது எண் குறையக் குறையக் குண்டு பெரிசு. அந்தக் காலத்தில் நம்ம ஆட்களின் கொழுந்தும் இறாத்தலில்தான் நிறுக்கப்பட்டது. துரையின் குண்டும் இறாத்தலில்தான் அளக்கப்பட்டது.

இந்தப் பெரிய குண்டுகள் மலைக்கு வந்தது யானைக்காக. நுவரெலியாவில் 1840களின் கடைசியில் பண்ணை போட்டுக் குடியேறிய சாமுவேல் பேக்கரை எல்லோருக்கும் தெரியும். ஹோட்டன் சமவெளியில் அவர் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சியே இருக்கிறது. அவரிடம் 1840இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செய்த ஒரு ரைபிள் இருந்தது. எடை 21 இறாத்தல். உருண்டைக் குண்டு போட்டால் 3 அவுன்ஸ், கூர்க் குண்டு போட்டால் 4 அவுன்ஸ். ஒரு குண்டே கால் இறாத்தல் ஈயம்! ஒரு தடவை சுட ஓர் அவுன்ஸ் மருந்து.

அப்போது தோட்டா என்ற ஒற்றைப் பொருள் வேட்டைக்காரர் கையில் கிடையாது. மருந்தை வாய்ப்பக்கம் கொட்டி, துணி வைத்து, குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். வன்னிப் பக்கம் இன்றும் சொல்லும் இடியன் துவக்கு இதே முறைதான். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்ப நேரமாகும். யானை அதுவரை காத்திருக்காது. அதனால் நிரப்பிய துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக்கார வேட்டைக்காரரின் முதுகுக்குப் பின்னால் உள்ளூர் ஆட்கள் நின்றார்கள். யானை திரும்பினால் முதலில் ஓடவும் கூடாது, சுடவும் கூடாது. துப்பாக்கியை நீட்ட வேண்டும். குண்டு நிரப்பும் முறையே ஒரு கூலி வேலையை உண்டாக்கியிருந்தது.

எவ்வளவு யானை? 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். அரசாங்கம் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று பரிசு கொடுத்தது. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே ஆள் 1,400 யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. வேட்டை என்று இதை ஒரு பொழுதுபோக்காகவே எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அதே பத்தாண்டுகளில்தான் காடு வெட்டிக் கோப்பி போடப்பட்டது. நம்ம முன்னோர்கள் மன்னாரிலிருந்து காட்டுப்பாதையில் நடந்து வந்ததும் அப்போதுதான். காட்டைக் காலி செய்த வேலையில் கோடரிக்கும் ஈயத்துக்கும் பங்கு இருந்தது.

கடதாசியிலிருந்து பித்தளைக்கு

குண்டையும் மருந்தையும் ஒன்றாகச் சுற்றிவைத்தால் வேலை லேசு என்று ஐரோப்பியப் படைகள் முன்பே கண்டிருந்தன. முதலில் சுற்றியது கடதாசியில். கார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரும் கடதாசிச் சுருள் என்பதுதான். 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, என்ஃபீல்ட் ரைபிளுக்கான கடதாசித் தோட்டாவில் பூசிய கொழுப்பு. அதைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டியிருந்தது. பசுவா பன்றியா என்ற சந்தேகம் ஒரு பேரரசையே ஆட்டியது. தோட்டா எதனால் செய்யப்பட்டது என்பது சின்ன விஷயமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

அடுத்த பத்து வருடத்துக்குள் உலோகத் தோட்டா வந்துவிட்டது. பிரித்தானியப் படை 1866இல் ஸ்னைடர் ரைபிளையும் 1871இல் மார்ட்டினி-ஹென்றி ரைபிளையும் ஏற்றுக்கொண்டது. இரண்டும் பின்பக்கம் நிரப்புபவை. மருந்து, பிரைமர், குண்டு எல்லாம் ஒரே கூட்டுக்குள். மழையிலும் நனையாது. ஒரு நிமிடத்தில் பல தடவை சுடலாம். ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் இதே காலம்தான். மலையில் கோப்பி போய்த் தேயிலை வந்த அந்த மாற்றமும், துப்பாக்கியில் கடதாசி போய்ப் பித்தளை வந்த மாற்றமும் கிட்டத்தட்ட ஒரே தலைமுறையில் நடந்தன. ஹேவாஹெட்டை என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். திரும்ப வருவோம்.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்

1888இல் பிரித்தானியா .303 தோட்டாவுக்கு மாறியது. த்ரீ நொட் த்ரீ என்று நம்ம தாத்தாமார் சொல்லுவதே அது. .303 என்பது துளையின் அகலம், ஓர் அங்குலத்தில் அவ்வளவு பங்கு. மில்லிமீற்றரில் 7.7. முன்பிருந்த குண்டுகளைவிட மிகச் சின்னது. ஆனால் வேகம் அதிகம். அதிக வேகத்தில் வெறும் ஈயம் தாங்காது என்பதால் மேலே ஓர் உலோக உறை போட்டார்கள்.

இந்த உறை போட்ட குண்டு உடம்பை நேராகத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழுவதில்லை என்று இந்தியாவின் வடமேற்கு எல்லையில் சண்டையிட்ட அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் இருந்த ஆயுதசாலையில் கப்டன் பெர்ட்டி-கிளே, முனையில் உறை இல்லாத ஒரு குண்டை 1896 வாக்கில் செய்தார். உடம்பில் பட்டதும் முனை நசுங்கி விரியும். காயம் பெரிதாகும். அந்த ஊரின் பெயரே குண்டின் பெயரானது. டம்டம் குண்டு.

1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், உடம்புக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பிரகடனம் செய்தன. அங்கே பிரித்தானியப் பிரதிநிதி ஜோன் ஆர்டா சொன்ன வாதத்தைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நாகரிக நாட்டுப் போர்வீரன் குண்டு பட்டதும் காயப்பட்டேன் என்று ஒதுங்கிவிடுவானாம். நாகரிகமில்லாதவனோ சின்னக் குண்டு பட்டாலும் ஓடி வந்துகொண்டேயிருப்பானாம். அதனால் அவனுக்கு வேறு குண்டு வேண்டுமாம். பிரித்தானியா அந்தப் பிரகடனத்தில் 1907இல்தான் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்தத் தடை போருக்கு மட்டும். அதுவும் உடன்பட்ட நாடுகளுக்கிடையிலான போருக்கு. மிருகத்தைச் சுடுவதற்கு அது பொருந்தாது. ஒரு அரசாங்கம் தன் ஆட்சிக்குட்பட்ட மக்களைச் சுடுவதற்கும் பொருந்தாது.

பங்களாவின் சுவரில்

அதே காலத்தில் மலையில் என்ன நடந்தது? 1900இல் இலங்கைத் தோட்டத்துரைமாருக்கென்றே ஒரு தொண்டர் படை தொடங்கப்பட்டது. பெயர் சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர். தலைமையகம் கண்டி. உறுப்பினர் எல்லாரும் ஐரோப்பியர். 1949இல் கலைக்கப்படும்வரை அது இருந்தது. துரைமார் தென்னாபிரிக்காவுக்குப் போரிடப் போனார்கள். அங்கே பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முதலாம் உலகப் போரில் கலிப்போலிவரை இந்தப் படை போனது. 1915இல் நாட்டில் இனக்கலவரம் வெடித்தபோது, அதை அடக்கும் பெயரில் துரைமார் உட்பட ஐரோப்பியத் தொண்டர்களின் கையில் துப்பாக்கி கொடுத்து ஊர்களுக்குள் அனுப்பினார்கள்.

யோசித்துப் பாருங்கள். காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரித்துக்கொடுக்கும் அதே ஆள், வார இறுதியில் ரைபிள் பயிற்சிக்குப் போகிறார். தோட்டத்தில் ஒரு பிரச்சினை என்றால் எந்தப் பக்கத்தில் தோட்டா இருக்கிறது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1916இல் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். இன்றைக்கும் அடிப்படை அதே சட்டம்தான். பங்களாவுக்கு ஷொட்கன் எட்டியது. லயத்துக்கு எட்டவில்லை. காட்டுப்பன்றி வந்து மரக்கறிப் பாத்தியைக் கிளறினால் நமக்கு டின் தட்டுவதுதான் வழி.

ஷொட்கனில் குண்டு ஒன்றல்ல, பல. எத்தனை, எவ்வளவு பெரியது என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. பிரித்தானிய முறையில் 6ஆம் நம்பர் என்றால் ஓர் அவுன்ஸில் 270 மணிகள். புறா, காட்டுக்கோழிக்கானது. எஸ்.ஜி. என்றால் ஓர் அவுன்ஸில் எட்டே எட்டு. எல்.ஜி. என்றால் ஆறு. இவை மானுக்கும் பன்றிக்கும். இதிலே 270 மணி உள்ளதுதான் அசல் ரவை. எட்டு மணி உள்ளதைப் போய் ரவை என்பது, கருங்கல்லை மணல் என்று சொல்வது மாதிரி.

பெயரில் இரக்கம் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் வேலையும் நடந்திருக்கிறது. 1880 வாக்கில் அயர்லாந்தில் நிலப் போராட்டம் நடந்தபோது, அங்கே அமைச்சராக இருந்த ஃபோர்ஸ்டர் பொலிஸுக்குத் தனிக்குண்டுக்குப் பதிலாக மான் சுடும் பல்குண்டுத் தோட்டாவை அனுமதித்தார். அது மனிதாபிமானமானது என்பது வாதம். மக்கள் அவருக்கு பக்ஷொட் ஃபோர்ஸ்டர் என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். 2016இல் காஷ்மீரில் பெலட் என்ற சொல்லைக் கேள்விப்பட்டோம். பெலட் என்றால் நம்ம ரவைதான். உயிர் எடுக்காத ஆயுதம் என்று சொல்லப்பட்டது. 32 நாட்களில் ஏறத்தாழ 13 இலட்சம் ரவைகள் பயன்படுத்தியதாக மத்திய ரிசர்வ் பொலிஸ் படையே நீதிமன்றத்தில் சொன்னது. நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணில் காயம். சின்ன மணி, சின்னப் பெயர். போன பார்வை சின்னதில்லை.

முல்லோயா, 1940

இப்போது ஹேவாஹெட்டைக்குத் திரும்புவோம். முதல் தேயிலை நடப்பட்ட அதே மலைப்பக்கத்தில் முல்லோயா தோட்டம். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் பின்னால் நின்றது. 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று நாம் நினைவுகூருவது இவரைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தது முக்கியம். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். ஆணைக்குழு முடியும்வரை வேலைநிறுத்தக்காரர்கள் மேலான வழக்குகளைத் தள்ளிவைக்கும்படி உள்நாட்டு அமைச்சர் டி. பி. ஜயதிலக்க கேட்டார். பொலிஸ்மா அதிபர் மறுத்தார். ஆளுநர் கால்டெகொட் பொலிஸ்மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் எல்லாரும் இராஜினாமாச் செய்தார்கள்.

ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு கொழும்பில் அமைச்சரவையையே கலைத்தது! எப்படி? அது துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் பலி என்ற வரியோடு நிற்கவில்லை. யார் சுட்டது, ஏன் சுட்டது, சுட வேண்டிய தேவை இருந்ததா என்று சாட்சிக் கூண்டில் வைத்துக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். அதனால்.

37 வருடம் கழித்து, 1977 மே 11. தலவாக்கலைக்குப் பக்கத்தில் டெவன் தோட்டம். தேயிலைக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க அரசாங்கம் திட்டமிட்டது. தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். பொலிஸ் சுட்டது. சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. திட்டம் கைவிடப்பட்டது. இன்றைக்கு அந்தப் பக்கம் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம்.

சொல்லில் காணாமல் போகிற ஆள்

இந்த இரண்டு பெயர்களையும் நாம் மறக்கவில்லை. ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூரும் அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் நாம் எழுதும் வரிகளைக் கவனியுங்கள். குண்டடி பட்டு இறந்தார். துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். குண்டு பாய்ந்தது. வாக்கியத்தில் குண்டு இருக்கிறது, இறந்தவர் இருக்கிறார். சுட்டவர் இல்லை. குண்டு தானாகவே எங்கிருந்தோ பாய்ந்து வந்த மாதிரி. இலக்கணத்தில் எழுவாய் காணாமல் போனால் பரீட்சையில் புள்ளி குறையும். வரலாற்றில் காணாமல் போனால் ஒரு கொலையே விபத்தாகிவிடும்.

தோட்டாவைப் பற்றிய அறிவு இங்கேதான் வேலைக்கு வருகிறது. கோது சுட்டவர் நின்ற இடத்தைக் காட்டுகிறது. துப்பாக்கியின் ஊசி பிரைமரில் விட்ட அடையாளம், எந்தத் துப்பாக்கி என்று காட்டுகிறது. குண்டில் விழுந்த கீறல்கள் எந்தக் குழாய் என்று காட்டுகின்றன. காயம் நுழைந்த இடம் முன்பக்கமா முதுகுப்பக்கமா என்பது, அவர் தாக்க வந்தாரா ஓடினாரா என்பதைச் சொல்ல உதவுகிறது. பல்குண்டு என்றால் அது பரவியிருக்கும் அகலம் தூரத்தைச் சொல்கிறது. வானத்தை நோக்கித்தான் சுட்டோம் என்று ஒரு தரப்பு சொன்னால், சரிபார்க்க வழி இருக்கிறது. கொடுத்த தோட்டா எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, கீழே கிடந்த கோது எத்தனை என்று எண்ணலாம். இலங்கையில் இந்தப் பரிசோதனைகள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் நடக்கின்றன.

இது வெறும் ஆசை இல்லை. தூத்துக்குடியில் 2018 மே மாதத்தில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், எந்தப் போலீஸ்காரர் எந்த இடத்தில் நின்று எத்தனை ரவுண்டு சுட்டார் என்று கணக்கெடுத்து எழுதியது. தண்டனை கிடைப்பது வேறு கதை. ஆனால் அந்த அறிக்கைக்குப் பிறகு குண்டு பாய்ந்தது என்று யாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

யுத்த காலத்துக்குப் பிறகு நம்ம செய்திகளில் .303 மறைந்து ரி-56 வந்துவிட்டது. அது சீனாவில் செய்த துப்பாக்கி. தோட்டாவின் அளவு 7.62 தர 39. முதல் எண் குண்டின் அகலம், இரண்டாவது கோதின் நீளம், இரண்டும் மில்லிமீற்றரில். பார்த்தால் குண்டின் அகலம் பழைய .303க்கு ஏறத்தாழச் சமம்தான். கோது குட்டை, மருந்து குறைவு. ஆனால் விசையை அழுத்திப் பிடித்தால் நிற்காமல் சுடும். போர்க்களத்துக்காகச் செய்த பொருள் அது. கூட்டத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து நிறுத்தினால், அங்கே நிற்பவர்களை யாராக நினைத்துக் கொண்டுவந்தார்கள் என்ற கேள்வி தானாக வரும். 1899இல் ஹேக்கில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே.

அதனால் சின்னதாக ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி ஒரு செய்தியை வாசித்தாலோ பகிர்ந்தாலோ, நாலு விஷயத்தைத் தேடுங்கள். யார் சுட்டார்? எந்தத் துப்பாக்கி? தனிக்குண்டா, பல்குண்டா, வெறும் சத்தமா? கிடந்தது தோட்டாவா, வெற்றுக்கோதா? செய்தியில் இல்லையென்றால், இல்லை என்று எழுதிப் பகிருங்கள்.

அத்தோடு இன்னொரு வேலையும் நம்மால் முடியும். டெவனில் சூடு நடந்த காலத்தில் இளைஞராக இருந்தவர்கள் இன்றும் நம்ம தோட்டங்களில் இருக்கிறார்கள். எழுபது வயது தாண்டியவர்கள். அன்றைக்குக் கேட்ட சத்தம் எத்தனை, எந்தப் பக்கமிருந்து வந்தது, பொலிஸ் எந்த வழியாக ஏறியது, பிறகு வேலைநிறுத்தம் எப்படிப் பரவியது என்று அவர்களிடம் கேட்டுப் போனில் பதிவுசெய்து வையுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லையே அப்படியே எழுதுங்கள், பத்திரிகைத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். கோவிந்தனைப் பற்றி அப்படிக் கேட்கும் வாய்ப்பு நம் தலைமுறைக்கு இல்லாமல் போய்விட்டது. லெட்சுமணனைப் பற்றிக் கேட்க இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது.